நாற்பது நீல நாற்காலிகள்

கேட்டா என்பது எங்கள் ஊர்.
கானாவின் கிழக்கு ஓரத்தில்
கடலுக்கும் காயலுக்கும் நடுவே
கொஞ்சம் மண்.
அந்த மண்ணில் ஒரு தேவாலயம்,
அதற்கு எதிரே என் சிமெண்ட் கடை.

நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் கொடுத்தேன்.
நீலம். கைவைத்தவை.
லோமேயிலிருந்து லாரியில் வந்தன.
எல்லையில் கொடுத்த லஞ்சத்தையும்
காணிக்கைக் கணக்கில்தான் எழுதினேன்.

முதுகில் பெயர் எழுத
போர்டு எழுதும் செனியோ வந்தான்.
"சின்னதாக எழுதட்டுமா?"
"கடைசி வரிசைக்காரன்
கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டும்."
டோட்சி அமெகா, சிமெண்ட் வியாபாரம்.
போன் நம்பர் வேண்டாம் என்று
நானே தடுத்துவிட்டேன்.
அதைத் தாழ்மை என்று வெகுநாள் நம்பினேன்.

ஜெபத்தில் எல்லோரும் தலைகுனிவார்கள்.
குனிந்த முகத்துக்கு நேரே
முன் நாற்காலியின் முதுகு.
அவர்கள் சொன்ன ஆமெனில்
எனக்கும் ஒரு பங்கு விழுந்தது.

பெருக்குகிறவள் யாவா.
மீன் புகைபோடும் அடுப்பில் சிவந்த கண்கள்.
ஈரத்துணியால் என் பெயரையும்
எச்சத்தையும் ஒரே வேகத்தில் துடைப்பாள்.
அவளுக்கு வாசிக்கத் தெரியாது.
அது எனக்கொரு மனக்குறை.

ஆகஸ்டில் ஓர் இரவு
கடல் உள்ளே வந்தது.
விடிந்தபோது பிரசங்க மேடை
முழங்கால் மணலில் நின்றது.
பாட்டுப் புத்தகங்கள் ஊறி உப்பியிருந்தன.
ஊர் கூரையைத் தேடி அழுதது.
நான் நாற்காலியைத் தேடினேன்.
ஒன்றுகூட இல்லை.

ஆறு வாரம் கழித்து
கடன் வசூலுக்குக் கரையோரம் போனேன்.
வோட்சாவில் ஒரு நீலம்:
கஞ்சி விற்பவள் அதன்மேல் சட்டியை ஏற்றியிருந்தாள்.
கெட்சியில் ஒரு நீலம்:
பையன் ஒருவன் உட்கார்ந்து
முடிவெட்டிக்கொண்டிருந்தான்.
ப்ளெகுசுவில் கால் ஒடிந்த ஒன்று,
ஒடிந்த காலுக்குச் செங்கல்.
அதில் நிறைமாதக்காரி ஒருத்தி
மருத்துவச்சிக்குக் காத்திருந்தாள்.

பின்னால் போய்ப் பார்த்தேன்.
உப்பு என் பெயரைத் தின்றிருந்தது.
முதலெழுத்து மட்டும் மிச்சம்,
அதுவும் பாதி வளைவு.

"யார் கொடுத்தது?" என்றேன், தெரியாதவன்போல.
"கடல்" என்றாள்.
"எங்கள் மூன்று பாயையும் ஓர் ஆட்டையும் எடுத்துக்கொண்டு
இதைத் தந்தது.
வெயிலில் நிற்கிறீர்களே, உட்காருங்கள்."
வயிற்றைத் தாங்கிக்கொண்டு
எழப் போனாள்,
என் நாற்காலியிலிருந்து,
எனக்காக.

மணலில் உட்கார்ந்துவிட்டேன்.
பெயர் தொண்டைவரை வந்தது.
விழுங்கினேன்.
மறுபடி வந்தது.
மறுபடி விழுங்கினேன்.
இனித்தது என்று சொன்னால் பொய்.

மருத்துவச்சி வந்தாள்.
என்னை அந்த வீட்டு ஆள் என்று எண்ணி
"தண்ணீர் கொண்டுவா" என்று அதட்டினாள்.
நான்கு குடம் சுமந்தேன்.
நன்றி இல்லை. யார் நீ என்ற கேள்வியும் இல்லை.
நான்காவது குடத்தோடு வரும்போது
ஓர் இருபது அடி தூரம்
யாராவது பார்க்கிறார்களா என்று
நான் பார்க்காமல் நடந்திருப்பது தெரிந்தது.
தெரிந்ததும்
அது போய்விட்டது.

உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது.
ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்காமல்
திரும்பினேன்.
கடன் வசூலாகவில்லை.

இப்போது ஆலயத்தில் பாய் விரித்து அமர்கிறோம்.
முன்னால் இருப்பவரின் முதுகில்
வியர்வை மட்டும் தெரிகிறது.
யாவா பெருக்குகிறாள்.
சில நாள் நானும் மணல் அள்ளுகிறேன்;
அள்ளும்போது இருமாமல் இருக்கப் பழகுகிறேன்,
இருமினால் தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

போன மாதம் யாரோ
புதுத் தகரக்கூரை போட்டுக் கொடுத்தார்கள்.
யார் என்று போதகருக்கே தெரியாது.
நான் இல்லை.
நான் இல்லை என்று
எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.
நான் சொல்லும் விதத்தைப் பார்த்து
நான்தானோ என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள்.

அந்த விதத்தை மாற்ற வேண்டும்.
வருகிற ஞாயிற்றுக்குள்.